எண்பத்திநாலு என்று சொன்ன நாள்

என் அக்காவின் மகள் வதனி அமெரிக்காவில் ஒரு ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவள். இப்போது அவள் நோயாளியைத் தொடுவதில்லை. நோயாளிக்காகக் காப்புறுதிக் கொம்பனியிடம் அனுமதி கேட்கிற பகுதியில் வேலை. அவர்களுடைய ஊர்ச்சங்கம் அங்கே ஒரு மலர் வெளியிடுகிறதாம். நெடுந்தீவில் நான் கடமை செய்த காலத்தைப் பற்றி எழுதித் தரச் சொல்லி மூன்று மாதமாக என் உயிரை வாங்கினாள். இலவச வைத்தியம் என்றால் என்னவென்று அங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டுமாம்.

தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தன் வேலையைப் பற்றிச் சொன்ன ஒரு கதைதான் என்னை எழுத வைத்தது. அவள் கேட்ட பெருமைக் கதை இதுவல்ல. மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

அங்கே டொக்டர் ஒரு ஸ்கான் எழுதினால் அது போதாதாம். காப்புறுதிக் கொம்பனி சம்மதிக்க வேண்டும். நோயாளி எப்படி இருக்கிறார், வலி எவ்வளவு, எந்த மருந்தை எத்தனை கிழமை போட்டுப் பார்த்தீர்கள் என்று கேள்விக்கு மேல் கேள்வி. ஒரு பதில் அவர்களுடைய பட்டியலுக்குள் அடங்காவிட்டால் மறுப்பு வரும், பிறகு மேன்முறையீடு. இப்போது புதுச் சட்டம் வந்திருக்கிறது, அவசரம் என்றால் மூன்று நாளுக்குள் பல கொம்பனிகள் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்றாள். அவசரத்துக்கு மூன்று நாளா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சில மாநிலங்களில் இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறதாம்: முன்பு கேட்டதெல்லாம் பெரும்பாலும் சரியென்று அனுமதிக்கப்பட்ட டொக்டர் இனிமேல் அனுமதி கேட்கத் தேவையில்லை. அதற்குத் தங்க அட்டை என்று பேர்.

பிறகு, பெரிய விஷயமில்லை என்பது போல, வதனி இதையும் சொன்னாள்:

"வலி பத்துக்கு ஆறு எண்டு ஆள் சொன்னா, நாங்கள் எட்டு எண்டு போட்டுவிடுவம் மாமா. இல்லாட்டி அனுமதி வராது. ஆளுக்கு நல்லதுக்குத்தானே."

"அவையள் அதில எத்தினை குறைக்கினம்?" என்று கேட்டேன்.

அவளுக்கு விளங்கவில்லை. அவர்கள் ஏன் குறைக்கப்போகிறார்கள் மாமா, அங்கே இருப்பது கொம்பியூட்டர் என்று சிரித்தாள். எனக்குச் சிரிக்க ஏலவில்லை. போனை வைத்துவிட்டு வேலணை வீட்டு முற்றத்தில் ஒரு மணித்தியாலம் சும்மா நடந்தேன்.

நான் டொக்டர் அல்ல. அரசாங்கக் கடதாசியில் என் பதவி உதவி வைத்திய உத்தியோகத்தர். தீவுச் சனம் மரியாதையாக டொக்டர் என்றது, பழைய ஆட்கள் அப்போதிக்கரி என்றார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. படித்தேன், பயந்தேன், பாஸ் பண்ணினேன். வன்னியில் இரண்டு இடம் மாறி, கடைசியில் நெடுந்தீவுக்கு வந்து ஓய்வு பெறும்வரை அங்கேயே கிடந்தேன். ஆஸ்பத்திரியில் டொக்டர் நின்ற மாதங்களும் உண்டு. இல்லாத மாதங்கள்தான் கூட. அந்த மாதங்களில் பிறப்பு, காய்ச்சல், மாடு முட்டினது, முரல் மீன் குத்தினது எல்லாம் என் தலையில்.

எனக்குக் கை வைக்க ஏலாததை யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வேண்டும். காலையில் போகிற பயணிகள் வள்ளம் ஒரு வழி. ஆள் தாங்காது என்றால் அவசரப் படகு. அது யாழ்ப்பாணத்துக்குத் தெரு தொடங்குகிற இறங்குதுறையான குறிகட்டுவானில் நிற்கும். நெடுந்தீவு, எழுவைதீவு, நயினாதீவு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே படகு. தொடக்கத்தில் நான் போன் எடுத்தால் படகு வரும். அதைக் கெடுத்ததும் நாங்கள்தான். ஒரு மனிசன் வயிற்றுக் குத்து என்று சுருண்டு படுத்தபடி படகில் ஏறினார், குறிகட்டுவானில் எழும்பி வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு கலியாண வீட்டுக்கு பஸ் ஏறிப் போனார். அவரை ஏற்றிவிட்ட முட்டாள் நான். இப்படி நாலைந்து நடந்தபிறகு எங்களுக்கு மேலே, வேலணை ஆஸ்பத்திரியில் இருந்த பெரிய டொக்டர் ஒரு ஒழுங்கு கொண்டுவந்தார். தன்னிடம் கேட்டு, தான் ஓம் என்றால்தான் படகு வெளிக்கிடும்.

அந்தப் பெரிய டொக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருநாளும் குரல் உயர்த்தாத மனிசன். போனை எடுத்தால் ஹலோ கிடையாது, "சொல்லும்" என்பார். ஐந்து கேள்விகள், எப்போதும் அதே வரிசை: வயது, என்ன நடந்தது, அறிவு நினைவு இருக்கா, நாடித் துடிப்பு, கடைசியாக பிரஷர். மேல் பிரஷர் தொண்ணூறுக்குக் கீழே என்றால் படகு. இல்லையென்றால் மருந்தைக் கொடுத்துப் பார், காலை வள்ளத்தில் அனுப்பு. நான் பிரஷரைச் சொன்னதும் அதை அப்படியே திருப்பிச் சொல்லுவார். பிறகு மூன்று நாலு விநாடி சத்தம் இராது. குறிப்புப் புத்தகத்தில் எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டு காத்திருப்பேன். அதற்குப் பிறகுதான் முடிவைச் சொல்லுவார். காரணம் கேட்டால் போன் வைக்கப்பட்டிருக்கும்.

முதல் பொய் ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்காக. அடிவயிற்றில் வலது பக்கம் கை வைத்தாலே துள்ளினாள். குடல்வால் என்று எனக்கு விளங்கிவிட்டது. பிரஷர் நூற்றியாறு. உள்ளதைச் சொன்னேன், காலை வள்ளம் என்றார். வள்ளத்துக்கு இன்னும் பதினைந்து மணித்தியாலம் கிடந்தது. தாயின் முகத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி எடுத்து, இப்போது எண்பத்தியாறு சேர் என்றேன். எண்பத்தியாறு என்று திருப்பிச் சொன்னார், படகு வந்தது. யாழ்ப்பாணத்தில் வெட்டிப் பார்த்தபோது குடல்வால் வெடிக்கிற கட்டத்தில் இருந்ததாம். அந்தத் தாய் என் கையைப் பிடித்து அழுதாள். எனக்குச் சந்தோசமும் புளுகமும் தாங்கவில்லை.

பிறகு அது கைவந்த வேலையாகிவிட்டது. எனக்கு ஆள் சரியில்லை என்று பட்டால் உள்ள எண்ணில் இருபதைக் கழித்துச் சொல்லுவேன். ஒரு முறையும் வெட்கப்படவில்லை. சட்டம் ஒரு எண்ணைக் கேட்கிறது, அந்த எண்ணைக் கொடுத்து உயிரைக் காப்பாற்றுகிறேன், இதிலே என்ன பிழை என்றுதான் நினைத்தேன். என்னோடு நின்ற தாதி புளோறன்ஸ் மிஸ் பிரஷர் கருவியை ஒருமுறை பார்ப்பார், என்னை ஒருமுறை பார்ப்பார், பிறகு கருவியைச் சுருட்டி வைத்துவிடுவார்.

இனி ரெஜினாவுக்கு வருகிறேன்.

அது சோளகம் அடிக்கிற மாதம். தென்மேற்கிலிருந்து காற்று நின்றபாட்டில் அடிக்கும், கடல் வெள்ளையாகக் கிடக்கும். காலை வள்ளம் போய் ஒரு மணித்தியாலம் இருக்கும். அருளப்பு என்கிற கடற்றொழிலாளி தன் மனைவி ரெஜினாவை லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் பாய் போட்டுக் கிடத்திக்கொண்டு வந்தார். முப்பத்தொரு வயது. கலியாணம் முடித்து எட்டு வருடமாகப் பிள்ளை இல்லை. மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்து, இந்த முறை இரண்டு மாதம் தள்ளிப் போயிருக்கிறது என்று சந்தோசத்தில் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார்களாம். விடிய முகம் கழுவும்போது அடிவயிற்றில் பிடித்த வலி. இப்போது தோள் நோகிறது என்றாள்.

வயிற்று நோவுக்காரி தோள் நோகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உள் இரத்தப்போக்கு. கண் மடலை இழுத்துப் பார்த்தேன், கடதாசி மாதிரி வெளிறிக் கிடந்தது. கை குளிர்ந்து வியர்த்திருந்தது. நாடி நூற்றி இருபத்திநாலு. பிள்ளை கருப்பையில் தங்காமல் குழாயில் தங்கி, குழாய் வெடித்து உள்ளுக்குள் இரத்தம் போகிறது. இதற்கு மருந்து இல்லை, வெட்டித்தான் நிறுத்த வேண்டும். அதை நெடுந்தீவில் செய்ய ஏலாது. புளோறன்ஸ் மிஸ் இரண்டு கையிலும் சேலைன் ஏற்ற, நான் பிரஷர் எடுத்தேன். எண்பத்திநாலு. நம்பாமல் மற்றக் கையிலும் எடுத்தேன். எண்பத்திநாலுதான்.

எனக்கு அந்த நேரத்தில் வந்த நினைப்பை ஒளிக்காமல் எழுதுகிறேன். அப்பாடா, இன்றைக்குப் பொய் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். போனை எடுத்தபோது என் குரல்கூடக் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

"எண்பத்திநாலு, சேர்."

"எண்பத்திநாலு" என்று பெரிய டொக்டர் திருப்பிச் சொன்னார். அந்த மூன்று நாலு விநாடி. பிறகு, "சேலைனைக் கெதியா விட்டு ஒரு மணித்தியாலம் பாத்திட்டு எடும். எழுவைதீவில நெஞ்சு நோவோட ஒரு ஆள் கிடக்கு. படகை முதல் அங்க விடுறன்."

தொண்ணூறுக்குக் கீழே, சேர் என்று கத்தினேன். போன் வைத்தாயிற்று. மறுபடி எடுத்தால் லைன் கிடைக்கவில்லை, எழுவைதீவோடு கதைத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய சட்டத்தை அவரே மீறுகிறாரே, இந்த மனிசனுக்கு விசரா என்று புளோறன்ஸ் மிஸ்ஸிடம் சத்தம் போட்டேன். அவர் சேலைன் போத்தலை மாற்றிக்கொண்டிருந்தார்.

அருளப்பு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கரையில் தன் வள்ளம் நிற்கிறது, புது எஞ்சின், தானே கொண்டுபோகிறேன் என்றார். நான் விடவில்லை. அந்தக் காற்றில் சின்ன வள்ளம் அடிக்கிற அடிக்கு ஊசி கழன்றுவிடும், அவளுடைய வயிற்றுக்குள் இருக்கிறது இன்னும் கிழியும், குறிகட்டுவானுக்கு உயிரோடு போக மாட்டாள் என்றேன். ஒரு மணித்தியாலம் பொறுங்கோ, படகு வரும் என்றேன். அரை மணித்தியாலத்தில் மறுபடி வந்து கேட்டார். அப்போதும் மறித்தேன். அவர் கடலையே தொழிலாகக் கொண்ட மனிசன், எனக்கு அதில் மறிக்க என்ன தகுதி என்று இப்போதும் நினைப்பேன். ஆனால் அவர் என்னை நம்பினார்.

ரெஜினா தண்ணீர் கேட்டாள். கொடுக்க ஏலாது, வெட்ட வேண்டி வரும் என்று உதட்டை மட்டும் நனைத்தோம். பிள்ளை இருக்கா டொக்டர் என்று என்னைக் கேட்டாள். முதலில் நீங்கள் இருக்கவேணும் பிள்ளை என்றேன். அவளுக்கு விளங்கிவிட்டது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நாற்பதாவது நிமிடத்தில் பிரஷர் அறுபது. அதன் பிறகு கருவிக்கு எட்டவில்லை. போனில் நான் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. மரியாதையாகப் பேசவில்லை என்பது மட்டும் தெரியும். பெரிய டொக்டர் வேறு கேள்வி கேட்கவில்லை, படகைத் திருப்பிவிட்டார். எழுவைதீவுக்காரரைக் குறிகட்டுவானில் இறக்கிவிட்டு, எதிர்க்காற்றில் நெடுந்தீவுக்கு வந்து சேர அது எடுத்த நேரத்தை நான் நோயாளியின் விவரம் எழுதுகிற கட்டில் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இங்கே எழுத மனம் வரவில்லை. சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானும் படகில் ஏறினேன். அருளப்பு அவளுடைய தலையை மடியில் வைத்திருந்தார். குறிகட்டுவான் இறங்குதுறை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நாடி நின்றது. இறங்குதுறைவரை நெஞ்சை அமத்தினேன். அங்கே நின்ற வேறொரு டொக்டர் என் தோளில் கை வைத்துப் போதும் என்றார்.

எழுவைதீவுக்காரர் பிழைத்துவிட்டார். அதையும் சொல்ல வேண்டும்.

தீவு கொதித்தது. விசாரணை வைத்தார்கள். வெளியிலிருந்து மூன்று பேர் வந்து ஒரு நீட்டு மேசையில் இருந்தார்கள். என்னைக் கூப்பிட்டு, அன்றைக்கு எந்த எண்ணைச் சொன்னனீர் என்று கேட்டார்கள். எண்பத்திநாலு என்றேன். கட்டில் சீட்டைக் காட்டினேன், புளோறன்ஸ் மிஸ்ஸும் ஓம் என்றார். பெரிய டொக்டரின் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்கள். அதில் நூற்றிநாலு என்று இருந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"பிழை என்னுடையது" என்றார். அவ்வளவுதான். மூன்று பேரும் மாறி மாறிக் கேட்டும் அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. பொறுப்பிலிருந்து எடுத்து எங்கேயோ தூரத்துக்கு மாற்றினார்கள். வெளியே நின்ற சனம் அவரைப் பார்த்துக் காறித் துப்பியது. நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன்.

அவர் போவதற்கு முதல் நாள் என்னை வேலணை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். வாகனத்தில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். அந்தக் குறிப்புப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை விரித்துக் காட்டினார். இடது பக்கத்தில் நான் போனில் சொன்ன எண்கள். வலது பக்கத்தில் அதே நோயாளிகளுக்குப் படகில் இருந்த தாதி எடுத்த எண்கள். குடல்வால் பிள்ளை முதல் வரியில் இருந்தாள். எண்பத்தியாறு, நூற்றியாறு. அப்படியே பக்கம் முழுக்க.

"எப்பவும் ஒரு இருபது. அதால நீர் சொல்லுற எண்ணுக்கு இருபது கூட்டித்தான் நான் எழுதுறனான். படகு சும்மா நிண்டா அப்பிடியும் அனுப்பிவிடுவன், வேற இடத்திலயும் கேட்டாத்தான் அந்த எண்ணைப் பாப்பன்."

தெரிந்திருந்தால் ஏன் என்னைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டிருந்தா நீர் முப்பது குறைச்சிருப்பீர்."

அது உண்மை. நான் அப்படிப்பட்டவன்தான். விசாரணையில் இதை ஏன் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் பழி என்மேல் வந்திருக்குமே என்றேன். பெட்டிக் கயிற்றை முடிந்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"சொன்னா, நெடுந்தீவில இருந்து வாற ஒரு எண்ணையும் இனி ஒருத்தரும் நம்பமாட்டினம். அங்க உம்மை விட்டா ஆர் இருக்கினம்?"

அதன் பிறகு நான் ஒரு எண்ணிலும் கை வைக்கவில்லை. ரெஜினாவின் சாவினால் ஒழுங்கும் மாறியது. தீவில் நிற்கிற உத்தியோகத்தர் கேட்டாலே போதும், அனுமதி இல்லாமல் படகு வரும் என்று புதுச் சுற்றறிக்கை வந்தது. அந்த மாற்றத்துக்குக் காரணமானவர் என்று என் பிரியாவிடையில் பொன்னாடை போர்த்தார்கள். போர்த்தினவர்களில் அருளப்புவும் ஒருவர். நான் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். வதனி சொன்ன தங்க அட்டை எனக்கு அப்போதே கிடைத்துவிட்டது. அங்கே காசுக்காக அனுமதி கேட்கிறார்கள், இங்கே ஒரு சதமும் கேட்காமல் அனுமதி கேட்டோம். இரண்டு இடத்திலும் நோயாளிக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் எண்ணை மாற்றுகிறார்கள். மற்றப் பக்கத்தில் ஒருவர் சத்தமில்லாமல் அதைத் திருப்பி மாற்றுகிறார். கொம்பியூட்டரென்றால் இன்னும் கெதியாக மாற்றும்.

அன்று சேர் சொன்னதை இத்தனை வருடமாக ஒருவருக்கும் சொல்லவில்லை. வதனியின் போன் வந்த அடுத்த கிழமை நெடுந்தீவுக்கு வள்ளம் ஏறினேன். மலருக்கு எழுதுவதற்கு முன் கேட்க வேண்டிய மனிசன் அங்கே இருந்தார்.

அருளப்பு மறுமணம் செய்யவில்லை. வீட்டு முன் கல்வேலியோடு எஞ்சினைச் சாய்த்து வைத்து பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கண்டவுடன் எழும்பி, கதிரையைத் தூக்கிவந்து போட்டார். எங்கட டொக்டர் வந்திருக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தார், தேத்தண்ணி வந்தது. அதைக் குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். குடல்வால் பிள்ளை, நான் கழித்த இருபது, பெரிய டொக்டர் கூட்டிய இருபது, விசாரணைக்குப் பிறகும் நான் வாய் மூடி இருந்தது, எல்லாம். அருளப்பு பிளக்கைத் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

என்னை அடிப்பார், பேசுவார், எழும்பிப் போகச் சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

"அப்ப ஐயா," என்றார், "அண்டைக்கும் நீங்கள் வழமை போல பொய் சொல்லி, அறுபத்திநாலு எண்டு சொல்லியிருந்தா, படகு நேர இஞ்ச வந்திருக்கும், என்ன?"

வந்திருக்கும் என்றேன்.